காயாத வியர்வை

நாங்கள் பத்தாம் ஆண்டில் படித்த காலம். ஒரு பின்நேரப் பயிற்சியில் எங்களோடு ஓடிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி, நாலாவது சுற்றில் திடீரென்று திரும்பி எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கினாள். "எங்க புள்ள போறாய்?" என்று கேட்டோம். "சந்தைக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை, மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தாள்.

அதன்பிறகு மைதானத்தில் நின்ற எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்தார்கள். ஒருத்தி சோடா வாங்க ஓடினாள். வலிப்பு என்று நினைத்த ஒருவர் அவள் கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தார். நாங்கள் அவளைச் சுற்றிக் கூடி நின்று, இருந்த கொஞ்சக் காற்றையும் மறைத்தோம். தண்ணீர் ஊற்றலாம் என்று யாரோ சொன்னபோது இன்னொருவர் தடுத்தார். உடுப்பு நனைந்தால் உடம்போடு ஒட்டும், ஆண்களும் நிற்கிறார்கள் என்பது அவருடைய கவலை. அது வீண் கவலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது தண்ணீர்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவிலிருந்து ஓர் உம்மா வந்தார். தோழியின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "தள்ளுங்க புள்ளயள். ரெண்டு பேர் இந்தச் சேலயப் பிடிச்சி மறைங்க. மத்தாக்கள் கிணத்தில தண்ணி அள்ளுங்க" என்றார். சேலை மறைப்புக்குள் வைத்து, தலையிலிருந்து கால்வரை வாளி வாளியாக ஊற்றினார். வாகனம் வரும்வரை நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தோழி தன் பெயரைச் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ், இப்போதும் எங்களோடு ஓடுகிறாள். தன் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பின்நேரம் எனக்கு விளங்கியது. அந்த உம்மா எந்தப் புத்தகமும் பார்க்காமல் செய்தது, இன்று விளையாட்டு மருத்துவம் சொல்லும் முதல் விதி. வெப்ப அதிர்ச்சி என்றால் முதலில் குளிரவைக்க வேண்டும், அதன்பிறகே கொண்டுபோக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும் ஒருவர் தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 1 கிலோகலோரி சக்தியைச் செலவழிக்கிறார். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவி 5 கிலோமீற்றர் ஓடினால் 250 கிலோகலோரி. இதில் நாலில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோதான் உடலை முன்னே நகர்த்துகிறது. மீதி, ஏறத்தாழ 200 கிலோகலோரி, வெறும் வெப்பமாக உடம்புக்குள் வந்து சேர்கிறது. 50 கிலோ உடம்பை 1 பாகை சூடாக்க 41 அல்லது 42 கிலோகலோரி போதும். ஆகவே அந்த வெப்பத்தில் ஒரு துளியும் வெளியேறாவிட்டால், அரை மணித்தியாலத்துச் சொச்ச ஓட்டத்தில் உடல் வெப்பநிலை 37 பாகை செல்சியசிலிருந்து கிட்டத்தட்ட 42க்கு ஏறிவிடும். 40ஐத் தாண்டி மூளையும் குழம்பத் தொடங்கினால் அதற்குப் பெயர்தான் வெப்ப அதிர்ச்சி. எங்கள் தோழி சந்தைக்குப் புறப்பட்டது அந்த இடத்தில்தான்.

நம்மில் பெரும்பாலானோர் அப்படி விழாமல் இருப்பதற்குக் காரணம் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தன்னோடு ஏறக்குறைய 0.58 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 200 கிலோகலோரியை வெளியேற்ற சுமார் 350 மில்லிலீற்றர் வியர்வை போதும், ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான். ஆனால் அது முழுவதும் தோலிலேயே ஆவியாக வேண்டும். நாடியிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. "நல்லா வேர்த்துக் கொட்டிட்டு, நல்ல பயிற்சி" என்று நாங்கள் பெருமைப்பட்ட நாட்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொட்டிய வியர்வை அத்தனையும் வீணாய்ப் போன வியர்வை.

இதை எங்கள் உம்மம்மாவின் மண்பானை எனக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பானைத் தண்ணீர் பல்லுக் கூசும் அளவு குளிர்ந்திருக்கும். மாரிகாலத்தில் அதே பானையில் அந்தக் குளிர்ச்சி இராது. பானையின் சுவரில் கசியும் ஈரம் காய்ந்தால்தான் உள்ளே இருப்பது குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது பானை எங்கே காய்வது? ஓடும்போது நாம் ஒவ்வொருவரும் ஒரு மண்பானைதான்.

கச்சான் என்றதும் கடலையை நினைக்கும் சின்ன வகுப்புத் தங்கைகளுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்வது வாடைக்கு எதிரான மேல்காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையிறங்கி எங்கள் பக்கம் வரும்போது சூடாகவும் வறண்டும் வருகிறது. கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் மொறமொறவென்று காய்வது அதனால்தான். அது ஓய்ந்த நாட்களில் நிலைமை வேறு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியுமாக, இரண்டு தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கிய மண்திட்டில் வாழ்பவர்கள் நாங்கள். காற்று அசையாமல் நின்றால் ஊரே ஈரத்துணியால் மூடியது போலாகிவிடும்.

இந்த இரண்டு நாட்களில் எது ஓடுவதற்கு ஆபத்தானது? வெப்பமானியை மட்டும் பார்த்தால் தவறான பதில் வரும். வெப்பச் சுட்டெண் என்று வானிலை அறிவித்தல்களில் சொல்கிறார்களே, அது வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்து, உடம்பு எவ்வளவு சூட்டை உணரும் என்று கணிப்பது. வெப்பநிலை 34 பாகை, ஈரப்பதன் 45 வீதம் என்றால் சுட்டெண் ஏறக்குறைய 37. வெப்பநிலை 32தான், ஆனால் ஈரப்பதன் 70 வீதம் என்றால் சுட்டெண் 41ஐத் தொடுகிறது. வெப்பமானி 2 பாகை குறைவாகக் காட்டும் நாள், உடம்புக்கு 4 பாகை கூடிய நாள். அதிலும் இந்தக் கணக்கு நிழலில் மெதுவாக நடப்பவருக்குப் போட்டது. நேர் வெயிலில் அது இன்னும் 8 பாகைவரை ஏறக்கூடும். ஓடுகிறவளின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் படையினர் 1950களில் தங்கள் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தால் விழுவதைத் தடுக்க வேறோர் அளவை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி என்று மூன்றையும் பார்ப்பார்கள். முதலாவதுக்கு 70 வீதம், இரண்டாவதுக்கு 20 வீதம், நாம் வழக்கமாகப் பார்க்கும் சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 வீதம் மதிப்புக் கொடுத்துக் கூட்டுவார்கள். இன்றும் பெரிய ஓட்டப்போட்டிகளை நடத்துவதா நிறுத்துவதா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். எங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் கொடியில் தொங்கும் துவாய் இருக்கிறது. இரவு போட்டது விடியவும் ஈரமாக இருந்தால் அன்று வேகப் பயிற்சி இல்லை. இது நாங்களாக வைத்துக்கொண்ட விதி, விஞ்ஞானம் என்று சொல்லி யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

வறண்ட கச்சான் நாள் முற்றிலும் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடக் கூடாது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை போலத் தோன்றும். வீட்டுக்கு வந்து முகத்தைத் தடவினால் உப்பு நறநறக்கும். எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வெப்பம் பெரிய வீராங்கனைகளையும் விட்டு வைப்பதில்லை. 2019 செப்டெம்பரில் டோஹாவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவுக்கு 1 நிமிடம் இருக்கும்போது ஆரம்பித்தார்கள். சூரியன் இல்லை, ஆனாலும் வெப்பநிலை 32 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். புறப்பட்டவர்கள் 68 பேர், ஓட்டத்தை முடித்தவர்கள் 40 பேர். மீதி 28 பேரும் உலகத்தின் சிறந்த ஓட்டக்காரிகள்தான். டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனை வெப்பத்துக்காக நாட்டின் வடக்கிலுள்ள சப்போரோ நகருக்கே மாற்றினார்கள். அங்கும் 2021 ஓகஸ்டில் வெப்பம் கூடியதால், பெண்கள் ஓட்டத்தை 7 மணியிலிருந்து 6 மணிக்கு முற்படுத்தினார்கள், அதுவும் முதல்நாள் இரவில். ஒலிம்பிக்கே நேரத்தை மாற்றும்போது, பாடசாலை விட்ட கையோடு 2 மணி வெயிலில் வரிசை கட்டி ஓட வேண்டுமென்று யார் எழுதி வைத்தது?

2024 மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்த மாதங்களில் நாடு முழுவதும் கடும் வெப்பம், மாணவர்களை வெளிக்கள விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாமென்று கல்வி அமைச்சும் அறிவுறுத்தியிருந்தது. செய்தி வந்த அன்றிரவே எங்கள் குழுவில் இருவரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். என் உம்மாவும் ஒரு கிழமை சப்பாத்தை ஒளித்து வைத்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டத்தையே நிறுத்துவதா, நேரத்தையும் முறையையும் மாற்றுவதா என்று வாப்பா கேட்டபோது வீட்டில் வேறு பேச்சுத் தொடங்கியது. பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததும், அதில் ஆயிஷா நாயகி முந்தியதும், பின்னொரு நாள் நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதின் ஹதீஸ் கிரந்தத்தில் இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னது எங்கள் மௌலவியாதான், நான் அல்ல.

இப்போது நாங்கள் சுபஹுத் தொழுகை முடித்து 5.30க்குச் சேர்ந்து 6.30க்குள் வீடு திரும்புகிறோம். விடியற்காலையில் ஈரப்பதன் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வெப்பநிலை நாளிலேயே குறைந்த நேரம் அது. தலைக்கு மேலே சூரியனும் இல்லை, காலுக்குக் கீழே கொதிக்கும் தாரும் இல்லை. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்து இரண்டை வாங்குகிறோம்.

உடுப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இத்தனையையும் உடுத்துக்கொண்டு எப்படி ஓடுகிறீர்கள் என்பார்கள். 1980இல் நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாலைவனத்து பதவி அறபிகள் கொதிக்கும் வெயிலில் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதுதான் கேள்வி. கறுப்புத் துணி கூடுதலான வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலுக்கு வந்து சேரவில்லை, உள்ளே ஓடிய காற்றோடு போய்விட்டது. கறுப்பு அங்கிக்குள்ளும் வெள்ளை அங்கிக்குள்ளும் மனிதன் பெற்ற வெப்பம் ஒரே அளவு. இதை வாசித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். பிறகு கொஞ்சம் யோசித்தேன். அது வறண்ட பாலைவனம், அங்கே ஆய்வுக்கு நின்றவர் ஓடவில்லை. வாவிக்கரையில் ஓடுகிற எங்களுக்கு அதிலிருந்து எடுக்கக்கூடியது ஒன்றுதான். எவ்வளவு மூடுகிறோம் என்பதைவிட, துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நடமாட இடம் இருக்கிறதா என்பது முக்கியம். நைலோன் உள்ளாடைக்கு மேல் இறுக்கமான ரீ-சேட், அதற்கு மேல் தடித்த அபாயா என்று மூன்று அடுக்கு போட்டால் மண்பானைக்குப் பொலித்தீன் சுற்றியது போலாகும். தளர்வான, மெல்லிய, வெளிர்நிற நீள்சட்டையும் காற்சட்டையும், ஊசி குத்தாமல் தலையோடு நிற்கும் மெல்லிய ஹிஜாபும் எங்களுக்கு ஒத்துவந்தன. 2006இல், அதே டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில், பஹ்ரைனின் ருகையா அல் கஸாரா முழுவதும் மூடிய உடுப்போடு 200 மீற்றரில் தங்கம் வென்றார். அது அரை நிமிடத்துக்கும் குறைந்த ஓட்டம், நீண்ட ஓட்டத்துக்கு அவரை உதாரணம் காட்ட மாட்டேன். ஆனால் உம்மாமாரோடு பேசும்போது அந்தப் பெயர் நிறைய உதவியது.

உடம்பு வெப்பத்துக்குப் பழகும், அதற்கு 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முந்தியே தொடங்குகிறது, வியர்வையில் உப்புக் குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் குறைவாக அடிக்கிறது. விட்டால் சில கிழமைகளில் போய்விடும். பரீட்சை முடிந்து, ஒரு மாதம் கதிரையில் இருந்த உடம்போடு வந்து, முதல்நாளே பழைய வேகத்தில் ஓடப் பார்ப்பவள்தான் விழுவாள். முதல்நாள் 15 நிமிடம் போதும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து எழும்பியவளும், இரவு நித்திரை இல்லாதவளும் அன்று நடக்கட்டும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நம் உடல் வெப்பநிலை இயல்பாகவே 0.3 முதல் 0.5 பாகை கூடியிருக்கும். அந்த நாட்களில் ஓட்டம் பாரமாகத் தெரிந்தால் அது சோம்பல் அல்ல. நோன்பு மாதத்தில் நாங்கள் ஓடுவதில்லை, இப்தாருக்கு அரை மணித்தியாலம் முந்தி நடக்கிறோம். யாராவது வெப்பத்தால் விழுந்தால் நோன்பு முறிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

தண்ணீர் விடயத்தில் எல்லோரும் "நிறையக் குடி" என்று மட்டும் சொல்கிறார்கள். எங்கள் பிரச்சினை வேறு. முன்பு நாங்கள் பழகிய மைதானத்தில் பெண்பிள்ளைகள் பாவிக்கக்கூடிய மலசலகூடம் இல்லை. இருந்த ஒன்றுக்கும் பூட்டு. அதனால் பயிற்சி நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருமே செய்துகொண்டிருந்தோம். தோழி விழுந்த அன்று அவள் காலையில் குடித்தது ஒரு தேத்தண்ணீர் மட்டுமென்று பிறகு சொன்னாள். பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்குச் சப்பாத்து அன்பளிப்புச் செய்ய நினைக்கும் பெரியவர்கள், முதலில் ஒரு திறப்பைத் தேடித்தந்தால் பெரிய உதவி.

அளவு தெரியாமல் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 வீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. வீட்டில் தராசு இருந்தால் ஓட முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். அரைக் கிலோ குறைந்தால் போனது அரை லீற்றர். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். எங்கள் ஒரு மணித்தியாலப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும், வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ குடிக்கலாம். வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் மட்டும் ஜீவனி.

குழுவாக ஓடுவதை வேகத்துக்கும் துணைக்கும் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். வெப்ப அதிர்ச்சி முதலில் பிடிப்பது மூளையை. தனக்கு என்ன நடக்கிறதென்று அவளுக்கே தெரியாது. நன்றாக இருக்கிறேன் என்றே சொல்வாள். தோல் காய்ந்துவிட்டால்தான் வெப்ப அதிர்ச்சி என்று பழைய புத்தகங்களில் இருப்பதையும் நம்ப வேண்டாம். ஓடி விழுபவள் பெரும்பாலும் வியர்வையில் நனைந்தே இருப்பாள். பக்கத்தில் ஓடுபவளின் கண்தான் அவளுக்கு வெப்பமானி. ஆகவே ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கிறோம். "சுகமா" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் ஓம் என்பார்கள். "ராவு என்ன கறி?" என்று கேட்போம். பதில் தடுமாறினால், காலடி கோணினால், காரணமில்லாமல் கோபித்தால், அந்த இடத்திலேயே எல்லோரும் நிற்போம்.

நின்ற பிறகு செய்ய வேண்டியதை அந்த உம்மா காட்டித் தந்திருக்கிறார். நிழலுக்குத் தூக்கி, மேலாடையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி, ஏதாவது ஒன்றால் விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைக்கலாம். பேச்சுத் தெளியாதவளின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருத்தி 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

இப்போது நாங்கள் ஓடும் இடத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், நிரப்பிய வாளிகள் நாலு இருக்கும். ஒருத்தியின் வாப்பா சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். வாளிகளுக்கு மேலே மடித்து வைத்திருப்பது ஒரு பழைய சேலை. ஒவ்வொரு நாளும் அதைக் கொண்டுவருவது, அன்று சந்தைக்குப் புறப்பட்ட தோழிதான்.